மின்விசிறிக்கு ஆறு பெட்டிகள்

இனி இவ்வீட்டில் மின்விசிறி அறிவியலின் ஆணைப்படியே சுழலும் என்று அவர் சூளுரைத்தார். பதினெட்டு ஆண்டு மணவாழ்வில், ரெகுலேட்டரை ஐந்தில் வைக்க அவரும், இரண்டில் வைக்க மனைவியாரும் போராடி வந்தார்கள். அதுநாள்வரை வெற்றி இரண்டுக்கே.

அவருக்கு உத்தியோகம் சுற்றுச்சூழல் கண்காணிப்பு அலுவலகத்தில். காட்டு மரங்களிலும் ஏரிக்கரைக் கம்பங்களிலும் சிறு சிறு பெட்டிகளைக் கட்டித் தொங்கவிடுவார். அவை வெப்பத்தை அளந்து, கம்பியில்லாமலே ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, கடைசியில் அலுவலகத்துக்குச் சேர்ப்பிக்கும். காடு முழுவதையும் கண்காணிப்பவருக்குக் கூடத்து மின்விசிறிமேல் அதிகாரம் இல்லையென்றால் மானம் என்னாவது?

அலுவலகத்தில் கழித்துவிட்ட பெட்டிகள் ஆறு வீடு வந்து சேர்ந்தன.

"ஆறு பெட்டியோட சராசரி முப்பது டிகிரியைத் தாண்டினா ஃபேன் அஞ்சுல. தாண்டலேன்னா ரெண்டுல. சம்மதமா?"

"பெட்டி எதுக்குங்க? எனக்குக் குளிருதுன்னா குளிருது."

"நீ சொல்றது அபிப்பிராயம். பெட்டி சொல்றது தகவல்."

"சரி, மாட்டித் தொலைங்க."

ஐந்து பெட்டிகளை ஊரறியக் கூடத்தில் மாட்டினார். ஆறாவதை, ஃபிரிட்ஜின் முதுகுப்புறத்தில் அது அனல்மூச்சு விடும் இடம் பார்த்து, ஓசைப்படாமல் செருகினார். ஐந்தும் இருபத்தேழு என்றன. ஆறாவது நாற்பத்தாறு என்றது. சராசரி முப்பதைத் தாண்டிக் குதித்தது.

மூன்று நாள் அவர் ராஜ்யம். செய்தித்தாள் பறந்தது, காலண்டர் ஒரே நாளில் டிசம்பரைத் தொட்டது. மகள் ஸ்வெட்டர் அணிந்தாள். ஒரு வாரம் தங்க வந்திருந்த அவருடைய அக்கா, மூக்கு மட்டும் தெரியப் போர்வைக்குள் குடிபுகுந்தார். அவரோ பனியனோடு வீற்றிருந்து, "ஆஹா, என்ன காற்று!" என்று உருகினார்.

நான்காம் நாள் மாலை, மனைவியார் அவருடைய கைபேசியில் ஆறு எண்களையும் பார்வையிட்டார்.

"ஏங்க, காட்டுல ஒரு பெட்டி மட்டும் மத்ததுக்கு ஏறுக்குமாறாச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

 தொழிலைப் பற்றி எவரேனும் கேட்டுவிட்டால் அவர் வாய் அவர் வசம் இராது.

"அதுக்குக் கோளாறுன்னு அர்த்தம். அக்கம்பக்கத்துல எல்லாம் ஒண்ணு சொல்றப்ப, இது மட்டும் வேற சொன்னா அதை நம்பவே கூடாது. கழட்டி வெளியில வெச்சு ரெண்டு நாள் கவனிப்போம்."

சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்த ஃபிரிட்ஜ் பெட்டியை நானே எடுத்துடறேன்."

"அதை ஏன் எடுக்கணும்? இன்னிக்குப் பெருக்குறப்பவே பார்த்துட்டேன். பாவம், அது இருக்கிற இடம் சூடு. உள்ளதை உள்ளபடி சொல்லுது." மனைவியார் கூடத்துப் பக்கம் திரும்பினார். "அண்ணி, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"குளிருது" என்றது போர்வை.

"பாப்பா, உனக்கு?"

"பல்லு தந்தியடிக்குதும்மா."

"எனக்கும் குளிருது. இவர் ஒருத்தருக்குத்தான் வேர்க்குதாம்."

"அக்கா! கூடப்பொறந்தவனுக்காக நீயாவது பேசேன்!"

"அறிவியலுக்கு அக்கா ஏது, தம்பி ஏதுடா?"

ரெகுலேட்டர் இரண்டுக்கு இறங்கியது. அவருடைய பாயும் தலையணையும் பால்கனிக்குப் போயின. பின்னாலேயே அவரும் போனார். கொசுக்கள் எதிர்கொண்டு வரவேற்றன.

கதவைச் சாத்துமுன் மனைவியார் பரிவோடு சொன்னார்:

"ரெண்டு நாள் பார்ப்போம். எல்லாரோடயும் ஒத்துப்போனா, திரும்ப உள்ளே மாட்டிக்கலாம்."