அசையாத படம்

"உங்கம்மா கண்ணாடி இன்னும் ஜன்னல் மேலதான் இருக்கு. எடுத்து வைக்க மனசு வரல" என்று நில அளவையர் சொல்லி முடித்ததும், கணினித் திரையில் மகளின் முகம் அப்படியே நின்றுபோனது.

"ஹலோ? அம்மாடி, கேக்குதா? போச்சு, மறுபடியும் போச்சு!"

மனைவி இறந்தபின் அவருக்கு எஞ்சிய பேச்சுத்துணை, கடல் கடந்து வாழும் மகளின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு ஒன்றே. அதுவும் வாராவாரம் பாதியில் நின்றது.

"வைஃபையை நம்பாதீங்க சார். மோடத்துலேருந்து நேரா கேபிள் இழுத்துடுங்க" என்றார் கணினிக் கடைக்காரர்.

ஓய்வுபெற்றும் அளவையில் பிசகாதவர் அவர். கூடத்து மோடத்திலிருந்து படுக்கையறைக் கணினிவரை நாடா பிடித்து அளந்து கேபிள் வாங்கினார். பணிக்காலம் முழுதும் நிலத்தை வரைபடத்தில் தட்டையாகவே கண்டவர். கேபிள் கதவு நிலைமேல் ஏறி இறங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது படுக்கையறை வாசலோடு நின்றது. கணினியும் வாசலுக்கு வந்தது.

"என்னப்பா, பின்னாடி பாத்ரூம் கதவு தெரியுது?" மகள் சிரித்தாள்.

"உங்கம்மா இருந்திருந்தா என்னையும் கேபிளையும் சேர்த்துச் சுருட்டி வெளிய போட்டிருப்பா."

முகம் நின்றது.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அளந்தீங்க சரி, ரகத்தைப் பாத்தீங்களா? இந்தத் தடி கேபிளைப் போடுங்க. மழை, வெயில், எலி எதுக்கும் அசையாது."

"என் வீட்டுக்குள்ள மழை பெய்யாது தம்பி."

"எலி?"

அளவையர் யோசித்தார்; வாங்கினார். வளைய மறுத்த அந்தக் கேபிள், கதவு மூலையில் திமிறி நிமிர்ந்து, மோடத்தை அலமாரியிலிருந்து கீழே இழுத்துப் போட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பே இல்லை.

புது மோடத்தோடு, வளையக்கூடிய 'கேட் சிக்ஸ்' ரகக் கேபிள் வந்தது. இம்முறை ஏற்ற இறக்கங்களையும் அளந்திருந்தார். மகளின் காதோரத்து நரைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"இளைச்சுட்டீங்கப்பா."

"நானா? சமைச்சா இன்னும் ரெண்டு பேர் அளவுதான் வருது. உங்கம்மா பங்கையும் நானே சாப்பிடுறேன். எப்படி இளைப்பேன்?"

முகம் நின்றது.

அவர் கேபிளைத் தொடவில்லை. அசையாத அந்தப் படத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நல்லவேளை, உனக்குக் கேக்காது. தனியா இருக்க முடியலம்மா. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு உங்கிட்ட சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது."

அசையாத அந்தப் படத்துக்குள், ஈரத் தலையைத் துவட்டியபடி மருமகன் நடந்து வந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு திரையை நோக்கிக் குனிந்தார்.

"மாமா, கேபிள்ல ஒரு குறையும் இல்ல. அழுகை வந்தா இவ இப்படித்தான் அசையாம உக்காந்துக்குவா. நீங்க சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."