நாகத்தின் வயிற்றில் வெங்காயத் தோட்டம்

புத்தகத்தை வாசிக்காமலே புகழ்ந்து பேசி மாட்டிக்கொண்டவர்கள் பலர். நான் அந்த இனம் இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு முறை வாசித்துவிட்டுப் போய் மாட்டிக்கொண்டவன். வாசிக்காமல் போயிருந்தால் மானத்தோடு வீடு திரும்பியிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். கையில் நேரமும் வாயில் கருத்தும் நிறைய இருந்தன. அப்போதுதான் குருநகர் யோசேப்பு மாஸ்டர் எழுதிய புதிய நாவல் என் கையில் கிடைத்தது. 'கடல்நாகமும் கோயில் மணியும்.' மீனவக் குடும்பத்துப் பெண் திரேசா. அவளுடைய ஊர்த் தேவாலயத்தின் மணியைக் கடல்நாகம் விழுங்கிவிடுகிறது. முகம் காட்டாத ஓர் ஓடக்காரனோடு அவள் அதை மீட்கக் கடலடிக்குப் போகிறாள். அந்த ஓடக்காரன் யாரென்று விளங்கிய இடத்தில், சைவப் பையனான எனக்கே மயிர் சிலிர்த்தது. வழியில் கண்டவர்களிடமெல்லாம் நாவலைப் பற்றிச் சொன்னேன். (கேட்க விருப்பமில்லாதவர்களிடம் இரண்டு தரம் சொன்னேன்.)

கொக்குவிலில் எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒரு நூல் அறிமுகம் நடக்கும். அதற்கு மாஸ்டரை அழைக்கச் சைக்கிளில் குருநகருக்குப் போனேன். முன் அறை முழுக்கப் புத்தகக் கட்டுகள், கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

"தேவாலயத்துக்குப் போற வேதக்காரருக்கு இது பேய்க்கதை, சைவக்காரருக்கு இது வேதக்கதை. ரெண்டு பக்கமும் தொடுகினமில்லை, தம்பி," என்றார் மாஸ்டர். "ரெண்டாம் பாகம் பாதி எழுதி வைச்சிருக்கிறன். உங்கடை கூட்டத்திலை ஒராள் எண்டாலும் வாங்கினால் மிச்சத்தை எழுதுவன். இல்லாட்டி இதோடை விட்டிடுவன்."

"நான் கதைச்சால் உங்கடை கட்டு முழுக்கப் போகும், மாஸ்டர்!" என்றேன்.

(இருபது வயது. மன்னித்துவிடுங்கள்.)

சனிக்கிழமை பின்னேரம் இருபது பேர் வந்தார்கள். மாஸ்டர் முன்வரிசை வாங்கில், மடியில் பன்னிரண்டு பிரதிகள் கொண்ட கட்டோடு இருந்தார். கால் மணித்தியாலம் நன்றாகத்தான் பேசினேன். கடல்நாகம் வாயைத் திறந்த இடத்தில் சபை முன்னுக்குச் சரிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"இனித்தான் உச்சம்!" என்றேன் மேடைத் தமிழில். "நாகத்தின் வயிற்றினுள்ளே திரேசா கண்டது என்ன? வெங்காயத் தோட்டம்!"

மாஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

என் பிரதியில் எண்பதாம் பக்கம் 'உள்ளே அவள் கண்டது' என்று முடிந்திருந்தது. எண்பத்தொன்று, 'நன்றாக உக்கிய மாட்டெருவைப் பரப்புக்கு ஐந்து வண்டில் வீதம் பரவி' என்று தொடங்கியிருந்தது. மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்பது என் கொள்கை. அதைவிட, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். உவமை கண்டால் விடமாட்டேன்.

"பன்னிரண்டு பாத்தி என்கிறார் ஆசிரியர். யார் அந்தப் பன்னிருவர்? அப்போஸ்தலர்கள்! அழுகல் கண்டதைப் பிடுங்கி அப்புறப்படுத்துக என்கிறார். அது யூதாஸ்! நட்ட மூன்றாம் நாள் நீர் இறைக்க முளை எழும்பும் என்கிறார். அன்பர்களே, மூன்றாம் நாள்! இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?"

மாஸ்டர் மெல்ல எழும்பினார். "தம்பி, குறை நினையாதையும். நான் வெங்காயம் எழுதேல்லை."

அப்போதாவது இறங்கியிருக்கலாம். "எழுத்தாளருக்கே தெரியாமல் அவருடைய ஆழ்மனம் எழுதும்," என்று அவருக்கு விளக்கினேன்.

வாசிகசாலைத் தலைவர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், எதையும் முகவரி பார்க்காமல் நம்பமாட்டார். "ஏனடாப்பா, ஆழ்மனம் பூச்சிமருந்துக் கணக்கும் எழுதுமோ?"

மாஸ்டர் தன் மடியிலிருந்த கட்டை அவிழ்த்து ஒரு பிரதியை எடுத்து எண்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினார். அங்கே இருண்ட குகை, மணி, திரேசா. எரு இல்லை. "இதை அடிச்ச அச்சகத்திலை அதே கிழமை வெங்காயச் செய்கைக் கைந்நூலும் அடிச்சவை," என்றார். "பதினாறு பக்கம் மாறிக் கட்டுப்பட்டிட்டுது போலை." ஒரே அளவு, ஒரே எழுத்து, பக்க எண்கூடப் பிசகாமல் ஓடியது. வாசிகசாலை சிரித்த சிரிப்பில் சுவர்ப் பல்லி இடம் மாறியது. மாஸ்டர் சிரிக்கவில்லை. எடுத்த பிரதியைத் திருப்பி வைத்துக் கட்டின் நூலை முடியத் தொடங்கினார். இரண்டாம் பாகம் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது.

"தலைவர் ஐயா, நானும் ஒண்டு கதைக்கலாமோ?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. உரும்பிராயில் தோட்டம் செய்யும் கந்தையா அண்ணை. கொக்குவிலில் தமக்கை வீட்டுக்கு வந்தால் எங்களிடம் பத்திரிகை பார்க்க வருவார். நாவல் தொட்டதை நான் கண்டதில்லை.

"என்ரை வெங்காயப் புத்தகத்திலை நடுவிலை ஒரு பிள்ளை பாம்பின்ரை வயித்துக்குள்ளை நிக்கிறாள். மணியிலை கை வைக்கிறாள், பாம்பு வாயை மூடுது. அடுத்த பக்கம் பாத்தால் அறுவடை! விவசாயக் கந்தோரிலை போய்க் கேப்பம் எண்டு இருந்தனான். மனிசியும் பிள்ளையளும் ஒவ்வொரு நாளும் என்னைப் பிடுங்குகினம்." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ளை வெளியிலை வந்தவளோ, மாஸ்டர்?"

மாஸ்டரின் விரல் நூலில் நின்றது. "சொல்லமாட்டன்," என்று முடிச்சை அவிழ்த்து ஒரு பிரதியை நீட்டினார். "வாசிச்சுப் பாருங்கோ."

"அப்ப எனக்கும் ஒண்டு தாருங்கோ," என்றார் தலைவர். கூட்டம் கலையும்போது மாஸ்டரின் மடியில் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. கால் மணித்தியாலம் தொண்டை கிழிய நான் செய்யாததைக் கந்தையா அண்ணை ஒரு கேள்வியில் செய்துவிட்டார்.

இரண்டாம் பாகம் அடுத்த வருடம் வந்தது. முன்னுரையில் 'உரும்பிராய் வாசகர் ஒருவருக்கு' நன்றி சொல்லியிருந்தார். (எனக்கு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.)

அன்றைய கூட்டம் கலைய முன்னர் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: இனி வாசிகசாலைக்கு வரும் எந்தப் புத்தகத்தையும், பதினாறு பக்கத்துக்கு ஒரு தரம் கதை தொடர்கிறதா என்று நான் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னர்தான் அலுமாரியில் வைக்கவேண்டும். ஊரை விட்டுப் போகும்வரை அந்த உத்தியோகம் பார்த்தேன். பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் புதுப்புத்தகம் கையில் வந்தால் பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று விரல் தானாகப் புரட்டும். கடைக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். என் மனைவி நாலடி தள்ளி நின்று, எனக்குக் கேட்கும்படியாகப் பிள்ளைகளிடம் சொல்வாள்:

"கொஞ்சம் பொறுங்கோ. அப்பா பதினாறாம் வாய்ப்பாடு பாடமாக்கிறார்."