மூன்றாம் மாடியில் குடியிருந்தவன்

பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது திறமை வேண்டும். எனக்கு அது அறவே இல்லை என்பதை ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், ஒரு மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் கை மாட்டுப்பட்டிருந்த நிலையில் தெரிந்துகொண்டேன்.

அப்போது நாங்கள் மூன்று பேர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். மகள் குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு அமர்ந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள். (“வசதியாத்தான் இருக்கப்பா” என்பாள். எனக்கு அழுகை வரும்.) வீடு கேட்டு எழுதி எழுதிக் களைத்துப் போனோம். ஒருவரும் பதில் போடவில்லை. கடைசியில் ஒரு வீட்டுச் சொந்தக்காரி வீடு பார்க்க டெர்மின், அதாவது நேரம், குறித்துத் தந்தார். மூன்று அறை, மூன்றாம் மாடி, வெள்ளிக்கிழமை பதினொரு மணி.

“வெள்ளி பதினொண்டோ? ராகுகாலமெல்லே!” என்றாள் மனைவி சுகந்தி. “பத்தரைக்கு முதல் வாசல்ல வலது காலை வச்சிட வேணும். பிறகு அந்த மனிசி எப்ப வந்தாலும் பரவாயில்லை.”

அப்படியே போய் வலது காலை வைத்தோம். பழைய காலத்துக் கட்டடம். முன்பக்கம் குடியிருப்பு, பின்முற்றத்தில் செங்கல்லால் கட்டிய பட்டறைகள். ஒரு காலத்தில் நாடா நெய்தவர்கள் அங்கேயே வேலை செய்து அங்கேயே குடியிருந்தார்களாம். வெறுங்கையோடு வீடு பார்க்கக் கூடாதென்று சுகந்தி கேக் வாங்கப் புறப்பட்டாள்.

“நீங்கள் உள்ளயே நில்லுங்கோ. ரெண்டு பேரும் வெளியில வந்தா வச்ச கால் வீணாப் போகும்.”

சும்மா நின்றிருக்கலாம். கைத்தொலைபேசியை எடுத்தேன். வேலையிடத்தில் ஒருவன் எனக்கு ஒரு விளையாட்டைப் பழக்கியிருந்தான், ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைப்பார்கள். கைத்தொலைபேசி இடத்தைக் காட்டும். தேடியெடுத்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். பரிசு ஒரு மண்ணும் இல்லை. ஆனால் ஒரு விதி உண்டு. விளையாடாதவர்கள் கண்டுபிடிக்கக் கூடாது. யாராவது வந்தால் வேறேதோ செய்வதுபோல் பாவனை பண்ண வேண்டும்.

அந்த முற்றத்திலேயே ஒரு பெட்டி இருப்பதாகக் காட்டியது! பட்டறைச் சுவருக்கும் குழாய்க்கும் இடையில் கையை விட்டேன். கல்யாண மோதிரம் எதிலோ கொளுவிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை.

“இங்கே என்ன செய்கிறீர்கள்?”

ஜெர்மன் மொழியில் கேட்டவர் ஒரு வயதான பெண்மணி. நான் குழாயில் ஒயிலாகச் சாய்ந்துகொண்டேன். வீடு பார்க்க வந்தேன் என்று சொல்லியிருந்தாலே போதும், அது உண்மையும்கூட. ஆனால் மண்டைக்குள் விதிதான் நின்றது.

“நான் இங்கேதான் குடியிருக்கிறேன்.”

“அப்படியா? எந்த மாடி?”

எனக்குத் தெரிந்த ஒரே மாடி வாயில் வந்தது. “மூன்றாம் மாடி.”

“எவ்வளவு காலமாக?”

“கனகாலமாக.” (அதோடு நிறுத்தினேனா? “வீட்டுச் சொந்தக்காரி நல்ல மனுஷி” என்றும் சேர்த்தேன்.)

அவர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். “மூன்றாம் மாடி காலியாக இருக்கிறது. அந்த நல்ல மனுஷி நான்தான்.”

அந்த நேரம் பார்த்துக் கேக்கோடு வந்தாள் சுகந்தி. மனப்பாடம் செய்துவைத்த ஜெர்மனை அழகாக ஒப்புவித்தாள்: “வணக்கம். நாங்கள் மூன்றாம் மாடியைப் பார்க்க வந்தோம். அவர் என் கணவர், மிகவும் நேர்மையானவர்.”

விளையாட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கையை ஒருவழியாக உருவியெடுத்தபோது விரல்களில் இருந்தது ஒரு நத்தை ஓடு. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குடிவருவதற்கு முன்பே இவ்வளவு பொய் சொல்கிறீர்கள், வந்தபின் என்ன சொல்வீர்களோ” என்றார். வீட்டைக் காட்டவே இல்லை. கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது, மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் அந்த ஊர்த் தொங்குரயிலில் ஏறி உட்கார்ந்தோம். சுகந்தி சொன்னாள்: “ராகுகாலத்தில பிழையில்லை. வலது கால் வைக்கேக்க உங்களையும் பக்கத்தில வச்சிருந்தன், அதுதான் பிழை.”

அன்று மாலை மகள் ஓடிவந்து, “வீடு கிடைச்சதோ அப்பா?” என்று கேட்டாள். சுகந்தி நடந்ததைச் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

வெகுநாள் கழித்து வேறோர் இடத்தில் வீடு கிடைத்தது. கீழ்த்தளம், சுவரில் ஈரம், ஆனால் மகளுக்கென்று மேசை போட இடமுண்டு. இன்றும் வேலை முடிந்து வந்து மணியை அழுத்தினால், வாசல் ஒலிபெருக்கியில் அவளுடைய குரல்தான் கேட்கும்.

“ஆர்?”

“அப்பா.”

“எந்த மாடி?”

“மூண்டாம் மாடி.”

“வீட்டுச் சொந்தக்காரி எப்பிடி?”

மழையில் நனைந்துகொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, சொல்வேன்: “நல்ல மனிசி.”

அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும்.