ஒரு பிடி பழைய பஞ்சு

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அங்கு நீங்களும், கோபித்துக்கொண்டு வந்து இருபது நாளாக என்னோடு பேசாத உங்கள் தங்கையும் நலமா?

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவியே எனக்குப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது, வீட்டிலும் எதைப் பார்த்தாலும் கை பரபரக்கிறது. அன்று அவள் கடைக்குப் போன நேரத்தில் அவளுடைய தலையணை, போர்வை, பழைய ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கூண்டு கழுவும் மருந்தில் ஊறப்போட்டு அலசிவிட்டேன். திரும்பி வந்தவள், "இது என் வீடு மாதிரியே இல்ல" என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்; சுத்தம் சோறு போடும் என்றேன். பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குக் காய்ந்த ரொட்டிதான்.

அந்த எரிச்சலில் போன வாரம் கூண்டுகளையும் ஒரு கை பார்த்தேன். கூண்டைக் கழுவினாலும், எலிகள் படுத்த பழைய பஞ்சில் ஒரு பிடி விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. காரணத்தை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதையும் தூக்கி எறிந்தேன். அதுவரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்த அண்ணன் தம்பி எலிகள் ஒரு மணி நேரத்தில் வாலைக் கடித்துக் குதறிக்கொண்டன. விலக்கிவிட்ட எங்கள் ஆய்வுக்கூட டாக்டரம்மா, எலி மூக்குக்குள் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, யார் சொந்தம், யார் அசல் என்று அதுதான் மூளைக்குச் சொல்கிறது என்றார். "அந்த வாசனைதான் அதுங்களுக்கு வீடு. அதையே கழுவிட்டீங்களே, அண்ணே."

மச்சான், எனக்கு உடனே உங்கள் தங்கையின் தலையணைதான் ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் என் கண்ணில் படாமல் தப்பிய அவளுடைய தலை துவட்டும் துண்டு ஒன்று தொங்குகிறது. தினமும் கை அதன் பக்கம் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். அவள் இல்லாத வீடு நன்றாகவே இல்லை.

ஆகவே ஐந்து நாள் போட்ட என் சட்டையை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். அவள் கட்டில் பக்கம் வையுங்கள். மூக்கு மூளைக்குச் சொல்லும், மனது இளகும், நான் ஒன்றும் பேச வேண்டியிருக்காது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் தங்கை கணவன்

பி.கு.: சட்டை யோசனையை டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அது எலிக்குத்தாண்ணே. மனுஷங்களுக்கு அந்த உறுப்பு வேலை செய்யுதுன்னு இன்னும் யாரும் காட்டல. நீங்க வாயைத் திறந்து சொல்லிடுங்க." எனவே பார்சலைப் பிரிக்காமல் தூரப் போட்டுவிடுங்கள். மேலே உள்ளதையும் கிழித்துவிட்டு, இதை மட்டும் அவளிடம் கொடுங்கள்: தப்பு என்னுடையதுதான். உன் துண்டை இன்னும் துவைக்கவில்லை. வந்துவிடு.