பதினாலு நிமிஷம் முந்திய பெரியவர்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், அவர், பாப்பா மூவரும் சௌக்கியம். அங்கே அத்தானின் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். "காப்பகத்தில் விட்டது போதும், பாப்பாவை என்னிடம் அனுப்பு, தையல் மெஷினை வெளியே எடுத்துச் சின்ன அறையை ஒழித்துவிட்டேன்" என்று நீ எழுதிப் பத்து நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்குச் சோம்பல் காரணமில்லை, பயம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெளிந்தபின் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக ஓடிய ஒரு சர்வர், மற்றக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தலைமைக் கம்ப்யூட்டர். பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மாடிப்படிக்குக் கீழே அலமாரிக்குள், சூடு தணிக்கிற மின்விசிறி சுழலச் சுழலப் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் மணி சொல்வது அதுதான். கீழ்த்தளத்துக் காப்பகத்தில் ஆயா தட்டிவிடும் "தூங்கினாள், பால் குடித்தாள்" செய்திகளும் அது வழியாகத்தான் என் போனுக்கு வரும். அதைப் புது மெஷினுக்குள் மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கூடுவிட்டுக் கூடு பாய்வது மாதிரிதான் அக்கா. உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே எடுத்து, புது மெஷினுக்குள் உடம்பில்லாத ஒரு மெஷினாக ஓடவிட்டு, பழைய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். பெருமூச்சு நின்றது. ஆனால் உள்ளே போனவருக்குத் தன் உடம்பு போனது தெரியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "என் மின்விசிறியைக் காணவில்லை" என்று தன் குறிப்புப் பட்டியலில் எழுதிவைத்துக்கொண்டே இருந்தார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நாலாம் நாள் மதியம் போனில் செய்தி: "2:40. பாப்பா அழுதாள்." என் கைக்கடிகாரத்தில் மணி 2:26. இன்னும் அழாத அழுகைக்குத் தகவல் வந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும், நீயே சொல். கீழே ஓடிக் காப்பகத்துக் கதவிடுக்கில் நின்றேன். பாப்பா கவிழ்ந்து படுத்துத் தூங்குகிறாள். 2:38. 2:39. சரியாக 2:40க்கு என் தோள் பட்டுக் கதவு கிறீச்சிட, பாப்பா எழுந்து வீரிட்டு அழுதாள். "அப்பவே ஒரு தடவை அழுதா, தட்டித் தூங்க வெச்சேன். நீங்க வந்து எழுப்பிட்டீங்களேம்மா" என்று ஆயா அலுத்துக்கொண்டாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மேனேஜரிடம் போய், சர்வர் நேரம் முந்தி ஓடுது சார் என்றேன். அவர் பெரியவரின் மணியையும் புது மெஷினின் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "உள்ள இருக்கறதும் வெளிய இருக்கறதும் ஒரு செகண்ட் பிசகல. உன் வாட்ச்தாம்மா தூங்குது." என் வாட்ச்சோடு ஒத்துப்போன சுவர்க் கடிகாரத்துக்கும் புது பேட்டரி போடச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் மாடியில் என் நாற்காலியில் இருக்கிறேன். "5:40. பாப்பாவை அம்மா கூட்டிக்கொண்டு போனாள்." மணி 5:26. அம்மா நான். நான் இங்கே இருக்கிறேன். அப்படியென்றால் போனது யார்? எப்படிப் படி இறங்கினேனோ தெரியாது, ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. பாப்பா ஷூ போட்டு, பை மாட்டி, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயா என் வெறுங்காலைப் பார்த்தாள். "தெனம் டாண்ணு அஞ்சு நாப்பதுக்கு வருவீங்க. ஸ்க்ரீன்ல அஞ்சு நாப்பது ஆச்சு, தட்டிட்டேன். வராம எங்க போயிடப் போறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே சர்வரைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். புது மெஷின் வந்த அன்றே, எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, மணியைப் பெரியவரிடம் கேட்டுக்கொள் என்று நானே அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். பெரியவரோ உள்ளே குடிபோனதும், தன்னைச் சுமக்கிற மெஷினிடம் மணி கேட்க ஆரம்பித்துவிட்டார். இது அதைக் கேட்கும், அது இதைக் கேட்கும், வெளியே ஒருத்தரையும் கேட்காது. ஒரு நாள் வீட்டில் நான் பூட்டியிருப்பேன் என்று என் வீட்டுக்காரரும், அவர் பூட்டியிருப்பார் என்று நானும், வாசலைத் திறந்துபோட்டு விடிய விடியத் தூங்கினோமே, அதே கதை. ரெண்டும் கைகோத்துக்கொண்டு நாளுக்கு மூணு நாலு நிமிஷம் முன்னால் நடந்திருக்கின்றன. ரெண்டையும் பிரித்து, வெளியே இருக்கிற சரியான கடிகாரத்தைக் கேட்க வைத்தேன். மின்விசிறி கேட்டுப் புலம்பும் புரோகிராமையும் அழித்துவிட்டேன். இந்த ஒரு வாரத்தில் ஒரு செகண்ட் பிசகவில்லை.

ஆகவே பேயுமில்லை, பிசாசுமில்லை. பாப்பா காப்பகத்திலேயே இருக்கட்டும். நீ தையல் மெஷினைத் திரும்ப உள்ளே போட்டுக்கொள். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கோபித்துக்கொள்ளாமல் எங்களை ஆசீர்வதி.

இப்படிக்கு,
பயம் தெளிந்த உன் தங்கை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது போனில் செய்தி வந்தது. "12:20. பாப்பா விழித்தாள். தண்ணீர் குடித்தாள்." மணி ராத்திரி 12:06. காப்பகத்தை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். வீட்டிலிருந்தே சர்வரைத் திறந்து பார்த்தேன், மணி சரியாகத்தான் இருக்கிறது. குறிப்புப் பட்டியலின் கீழே ஒரே ஒரு புது வரி: "என் மின்விசிறியைக் காணவில்லை." என் வீட்டுக்காரரை எழுப்பினேன். "சரி பண்ணிட்டேன்னு சொன்னியே?" என்றார். பண்ணிட்டேன் என்றேன். "அப்போ தூங்கு." டம்ளரில் தண்ணீரோடு தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 12:19. பாப்பா காலை அசைக்கிறாள். அக்கா, தையல் மெஷின் வெளியிலேயே இருக்கட்டும்.