மான் நலம்

“என்ன உடைஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் கண்ணைத் திறக்க மாட்டேன்” என்றான் யெசித்.

“கொம்பு” என்றாள் ஒர்னெல்லா.

“எந்தக் கொம்பு?”

“இடது கொம்பு. வலதா இருந்தா பரவாயில்லையா?”

யெசித் கண்ணைத் திறந்தான். தரையில் நாய்க்குட்டி அளவில் ஒரு மர மான் கவிழ்ந்து கிடந்தது. அதன் கொம்பு தனியே உருளைக்கிழங்கு மூட்டையின் பக்கத்தில் கிடந்தது.

மூன்று நிமிடத்துக்கு முன்னால் நார்வே தேசத்திலேயே அவனைப் போலச் சந்தோஷமான ஆள் கிடையாது. கொலம்பியாவிலிருந்து படிக்க வந்து, ஏழு மாதம் ஆய்வகமும் விடுதியுமாகக் கிடந்தவனுக்கு இதுதான் முதல் மலைப் பயணம். முழங்கால் வரை பனி, இரவல் வாங்கிய சறுக்குக் கட்டைகள், முழுசாக மூன்று நாள்! “வந்துட்டோம்டா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து மரவீட்டின் கதவைத் தோளால் ஒரு மோது மோதினான். கதவுக்குப் பின்னால் ஒரு நொண்டி ஸ்டூல் மேல் மான் நிற்கும் என்று அவன் கனவா கண்டான்?

“புரொபசர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டான் வியட்நாம்காரன் துவான்.

இல்லாமலா? மரவீடு புரொபசர் ஹால்வருடையது. “உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. மானை மட்டும் தொடாதீங்க. எங்கப்பா மூணு குளிர்காலம் உக்காந்து செதுக்கினது” என்று சொல்லியிருந்தார். அவர் மனைவி குன்வோர்தான் தங்கமான பெண்மணி. சாவியைக் கையில் வைத்து, “நல்லா ஆட்டம் போடுங்க பசங்களா. கதவு கொஞ்சம் இறுக்கம். யோசிக்காம ஓங்கித் தள்ளுங்க” என்று வழியனுப்பினார்.

“திங்கக்கிழமை அவர் ஆளை முடிவு பண்றார்” என்றான் யெசித். “ஆய்வகத்துல ஒரே ஒரு இடம். அது கிடைக்கலைன்னா ஜூன்ல நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவங்க அப்பா மானை ஒடிச்சவனுக்கு வேலை குடுப்பாரா?”

“குடுக்க மாட்டார்” என்றாள் ஒர்னெல்லா. ஆறுதல் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை.

மேஜையில் குறிப்பேடு இருந்தது. அந்த ஊரில் மரவீட்டுக்குப் போனவர்கள் குறிப்பேட்டில் எழுதாமல் திரும்புவது, விருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லாமல் கிளம்புவது மாதிரி. யெசித் புரட்டினான். ஏழு வருடம், ஏழு மாணவர் கூட்டம். ஒரு கூட்டம் மழை என்று எழுதியிருந்தது, இன்னொன்று மீன் கிடைத்தது என்று. ஆனால் ஏழு கூட்டமும் கடைசி வரியைச் சொல்லி வைத்தாற்போல் ஒரே மாதிரி முடித்திருந்தன: ‘மான் நலம்.’

“பாத்தியா? ஏழு கூட்டமும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தியிருக்கு. நான் பையைக்கூட இறக்கலை!”

“அழாத. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத்தான் கார் வருது. ஒட்டிரலாம்” என்றான் துவான். “பசை இல்லைன்னா என்ன, பசையரிசி கொண்டு வந்திருக்கேன். எங்க ஊர்ல அதுலயே எல்லாத்தையும் ஒட்டுவோம்.”

அரிசி வெந்தது, மசிந்தது, கொம்பு ஒட்டியது. மூவரும் கைதட்டினார்கள். சனிக்கிழமை காலை பனிச்சறுக்கு என்று துள்ளிக் குதித்தார்கள்.

ஆனால் ஒர்னெல்லாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. சீக்கிரம் காயட்டும் என்று மானைக் கணப்படுப்பின் மேல் தூக்கி வைத்துவிட்டாள். கொம்பு கம்மென்று இருந்தது. பின்னங்கால் இரண்டும் தாமாகக் கழன்று விழுந்தன.

“நான் தொடவே இல்லை!” என்று அலறினாள்.

துவான் காலை எடுத்துப் பார்த்தான். “உள்ள மஞ்சளா என்னமோ உருகியிருக்கு. ஒரு தீக்குச்சி வேற சொருகியிருக்கு.”

“அந்தக் காலத்து ஆளுங்க வேலையே தனி” என்றான் யெசித், பயத்திலும் மரியாதை குறையாமல்.

கால்கள் திரும்ப ஒட்டப்பட்டன. இப்போது வயிறு கரி பிடித்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம். யெசித்துக்கு மனசு கேட்கவில்லை. ஈரத் துணியில் சோப்பைத் தடவித் தேய்த்தான். வயிறு வெளுத்தது. முதுகும் வெளுத்தது. பழுப்பு நிறம் அத்தனையும் சேறாகத் துணிக்கு வந்துவிட்டது. இடது கண்ணும் கூடவே வந்தது. அது ஒரு நீலக் கண்ணாடி மணி.

“வலது கண்ணு கறுப்பு, இடது கண்ணு நீலமா?” என்றாள் ஒர்னெல்லா.

“கலைஞர் மனசு நமக்கெங்க புரியும். ஒட்டு!”

நிறத்துக்கு ஒர்னெல்லா தன் உயிருக்கு உயிரான காபித்தூளைத் தியாகம் செய்தாள். இத்தாலியிலிருந்து அம்மா அனுப்பியது. கெட்டியாகக் காய்ச்சி மூன்று முறை பூசியதும், சனிக்கிழமை காலையில் மான் முன்னைவிடப் பளபளவென்று நின்றது. காற்றில் காயட்டும் என்று வாசல் திண்டில் வைத்துவிட்டு, சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டினார்கள். யெசித் உற்சாகத்தில் ஒரு பாட்டுகூட ஆரம்பித்தான்.

பாட்டு பாதியில் நின்றது. ஒரு நரி வாசலில் நின்று கொம்பை நக்கிக்கொண்டிருந்தது.

“ஏய்! ச்சூ! ச்சூ!”

நரி அவனை ஒரு முறை பார்த்தது. கொம்பைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. யெசித் துரத்தினான். காலில் சறுக்குக் கட்டையோடு துரத்தத் தெரியாது என்பது நான்காவது அடியில்தான் தெரிந்தது. பனியில் தலைகுப்புற விழுந்தவனை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கி எடுத்தார்கள்.

“சோத்துப் பசைக்கு நரி எதுக்குடா வருது?” என்றாள் ஒர்னெல்லா.

துவான் தலையைச் சொறிந்தான். “கொஞ்சூண்டு மீன் சாஸ் விட்டேன்.”

“பசையில எதுக்குடா மீன் சாஸ்?”

“பழக்கதோஷம்.”

அதற்குப் பிறகு பனியாவது சறுக்காவது. விறகுக் குவியலிலிருந்து ஒரு பூர்ச்ச மரக் கட்டையை யெசித் தேர்ந்தெடுத்தான். ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆய்வகத்தில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வேலை பார்த்த கை. முதல் கொம்பு கரண்டி மாதிரி வந்தது. இரண்டாவது காது மாதிரி வந்தது. “கொம்புடா, கொம்பு!” என்று மற்ற இருவரும் கிரிக்கெட் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். ஞாயிறு மதியம் இரண்டரைக்கு மூன்றாவது கொம்பு மானின் தலையில் ஏறி உட்கார்ந்தது. மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சறுக்காத வருத்தம்கூட அந்த நேரத்தில் யாருக்கும் இல்லை.

வாசலில் கார் சத்தம் கேட்டது. யெசித் குறிப்பேட்டைத் திறந்தான். பேனா ஒரு கணம் தயங்கியது. அப்புறம் எழுதிவிட்டான்: ‘மான் நலம்.’

குன்வோரோடு காரிலிருந்து இறங்கிய புரொபசர் ஹால்வர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மானிடம் போனார். குனிந்தார். மோந்து பார்த்தார்.

“காபி வாசனை வருதே?”

“மூணு நாளா நிறைய குடிச்சோம், புரொபசர்.”

அவர் இடது கொம்பைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. “இந்தக் கொம்பைப் பாருங்க! இப்ப யாருக்குய்யா இப்படிச் செதுக்க வரும்? அப்பா கைன்னா அப்பா கைதான்.” யெசித்தின் தோளைத் தட்டினார். “அடுத்தவங்க பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரிஞ்சவன் நீ. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? ஆய்வக இடம் உனக்குத்தான்.”

ஒர்னெல்லா பின்னாலிருந்து யெசித்தைக் கிள்ளினாள். ஆனால் அவனுக்குச் சந்தோஷம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. “புரொபசர், அந்தக் கொம்பு வந்து...” என்று ஆரம்பித்தான்.

“யெசித்! அடுப்பங்கரைக்கு வா, பெட்டியைத் தூக்கணும்” என்று குன்வோரின் குரல் குறுக்கே விழுந்தது.

அடுப்பங்கரையில் பெட்டி எதுவும் இல்லை. குன்வோர் கதவைச் சாத்தினார்.

“கொம்பு உன் வேலையா?”

“மன்னிச்சிருங்க மேடம். கதவைத் தள்ளினப்போ விழுந்திருச்சு. இப்பவே அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“மூச்சு விடாத. அவர் உயிரையே விட்டுருவார்.” குன்வோர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “நீலக் கண்ணு ஒரு துருக்கிப் பொண்ணு வச்சது. பின்னங்கால் பிரேசில் பசங்க. அந்த வர்ணம் ஒரு கென்யாப் பையனோட ஷூ பாலிஷ். மாமனார் செதுக்கினதுல மிச்சம் இருந்தது இடது கொம்பு ஒண்ணுதான்.”

“அப்போ ஏழு கூட்டமும் எழுதின ‘மான் நலம்’...?” என்றான் யெசித்.

“அந்த அவலட்சணத்தைக் கதவுக்குப் பின்னாடி நொண்டி ஸ்டூல்ல வச்சு, ஏழு வருஷமா ஊர்ல உள்ள முரட்டுப் பசங்களாப் பாத்துச் சாவி குடுக்குறேன்” என்றார் குன்வோர் அழாத குறையாக. “ஒருத்தராவது அதை அள்ளி அடுப்புல போட்டுட்டு வர மாட்டேங்குறீங்களேடா!”