ஷௌகியின் நெஞ்சும் ஜாபிர் பிடித்த புறாவும்

தன் நெஞ்சுக்குள் ஒரு பயலையும் எட்டிப் பார்க்க விடுவதில்லை என்று கெய்ரோ நகரத்து ஷௌகி தீர்மானித்துவிட்டான். நோய்க்குக்கூட அவன் பயப்படவில்லை. மனைவி நகாத்துக்குத்தான் பயந்தான். மொட்டைமாடிப் புறாக்கூண்டுக்கு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று ஒருநாள் வாய் தவறி உளறிவிட்டான். அவ்வளவுதான், மருத்துவரிடம் இழுத்துப்போனாள். அவர், “இதயத்து ரத்தக்குழாயை ஸ்கேன்ல பாத்துடுவோம்” என்றார். கோளாறு தெரிந்தால் புறாக்களை விற்றுவிட்டுத்தான் நகாத் மறுவேலை பார்ப்பாள்.

ஸ்கேன் அறையில் இனாஸ் என்ற பெண் அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள்.

“மாத்திரை போட்டீங்கல்ல அண்ணே? நாடி மெதுவா ஓடணும். ஓடுற பிள்ளையப் படம் பிடிச்சா கலங்கிடுமே, அந்தக் கதைதான். வேகமா இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவோம்.”

அடடா! வழி தானாக வந்து மடியில் விழுந்தது.

ஷௌகி கண்ணை மூடி எதிர்மாடி ஜாபிரை நினைத்தான். இவனுடைய சாம்பல் பெட்டைப் புறாவைத் தன் புறாக்கூட்டத்தோடு கலக்கவிட்டு, தன் மாடியில் இறக்கிப் பிடித்துக்கொண்டவன். பிடித்தவனுக்கே புறா, மாடிக்காரர்கள் வழக்கம் அது, திருப்பிக் கேட்க முடியாது. அந்த இளிப்பை நினைத்ததும் நாடி கழுதை வண்டி மாதிரி கடகடவென்று ஓடியது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போயிருந்த இனாஸ் மைக்கில், “என்ன அண்ணே, ஏறிக்கிட்டே போகுது?” என்றாள்.

“படபடப்பா இருக்கும்மா. இன்னொரு நாள் வர்றேனே.”

இனாஸ் பக்கத்தில் நின்ற நகாத், “அந்த மைக்கைக் கொஞ்சம் குடும்மா” என்றாள்.

“என்னங்க, கேக்குதா? சொல்ல மறந்துட்டேன். உங்க சாம்பல் பெட்டை காலையில திரும்பி வந்துடுச்சு.”

“நெசமாவா?”

“ஜாபிர் மாடியில விசிலடிச்சு விசிலடிச்சு வாய் வீங்கி நிக்கிறான். இது திரும்பிக்கூடப் பாக்கல. பழைய கூட்டுல போய் இறக்கைய மடக்கிப் படுத்துக்கிச்சு.”

ஷௌகியின் உடம்பு பால் குடித்த பிள்ளைபோலத் தளர்ந்தது. கோபத்தைக் கூப்பிட்டுப் பார்த்தான், வரவில்லை. நாடி படிப்படியாக இறங்கியது.

“மூச்சை இழுங்க... பிடிச்சுக்குங்க!”

ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்து ஊசிவழி ஏறியது. உச்சியிலிருந்து வெந்நீர் ஊற்றிய மாதிரி ஒரு சூடு அடிவயிறுவரை இறங்கியது. காற்சட்டை நனைந்துவிட்டதோ என்று அவன் பதறுவதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

“ஒரு குழாய்ல சுருக்கம் இருக்கு” என்றார் மருத்துவர். “நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. கத்தி வேண்டாம், மாத்திரை போதும். நெய்யையும் சிகரெட்டையும் விடுங்க. மாடி மெதுவா ஏறலாம்.”

நகாத் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புறாக்களைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷௌகி நின்று நின்று மாடி ஏறினான். கூட்டைப் பார்த்தான். காலி. எதிர்மாடியில் ஜாபிரின் தோளில் சாம்பல் பெட்டை சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“அடியே, வந்துடுச்சுன்னு சொன்னியே!”

கீழேயிருந்து குரல் வந்தது: “படபடப்பா இருக்குன்னு நீங்களுந்தான் சொன்னீங்க.”